நீலப் புள்ளி, மஞ்சள் புள்ளி

உனக்கு மட்டும் எப்படி யாருமே போன் பண்ணுவதில்லை?

உனக்கும் அம்மா இருக்கிறாள். அக்கா தங்கைகள் கூடு நிறைய இருக்கிறார்கள். வளர்க்க வேண்டிய பிள்ளைகள் அறைக்கு ஒன்றாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. வேலைக்குப் போகிறவளெல்லாம் போகிற போக்கில் உன்னை ஒரு கடி கடித்துவிட்டுப் போகிறாள், எழுந்திரு என்று. நீயோ கூட்டின் மேல் விளிம்பில் விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, அடுத்தவள் கொண்டுவந்ததைத் தின்றுவிட்டு, முன்காலால் மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். குற்ற உணர்ச்சி என்று ஒன்று உனக்கு இருக்குமா? அந்த இடுப்பில் அதற்கு ஏது இடம்?

இதையெல்லாம் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சைக்கிள் நிறுத்தத்தின் தகரக் கூரைக்குக் கீழே, மடக்கு நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்தபடி நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். மடியில் கிடந்த போன் மறுபடியும் அதிர்ந்தது. அம்மா. காலையிலிருந்து இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை அவள் விட்டுவிட்டாள். நாலு வருஷமாக எண்ணுவதே தொழிலாகிப்போனவளுக்கு அதை விடுவது சுலபமான காரியமில்லை.

அந்தக் குளவியின் முதுகில் வெள்ளைப் புள்ளிகள் இரண்டு இருந்தன. கூட்டிலிருந்த ஒவ்வொரு குளவிக்கும் இப்படி இரண்டு புள்ளிகள் உண்டு. விடியற்காலைக் குளிரில் அவை விறைத்திருக்கும்போது, புல்லின் நுனியைப் பெயின்டில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள்தான் வைத்தாள். சிவப்பு-நீலம் பறந்து பறந்து புழு கொண்டுவருவாள். பச்சை-மஞ்சள் கூட்டுக்குச் சுவர் வைப்பாள். வெள்ளை-வெள்ளை எதுவும் செய்யமாட்டாள். ஆய்வகத்தில் அவளுக்குச் சும்மா என்றே பெயர். சும்மா என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் பதிலுக்குத் தனியாக ஒரு சொல் தேட வேண்டியதில்லை.

ஆனால் அவளுடைய முனைவர் பட்டமே அந்தச் சும்மாவின் மேல்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு குளவி தான் முட்டையிடாமல், தன் அம்மா பெற்றதையும் அக்கா பெற்றதையும் ஏன் வளர்க்கிறது? அதே ரத்தம் என்பதால், என்று பரிணாம உயிரியல் ஒரு கணக்குச் சொல்லி வைத்திருந்தது. அப்படியானால் இந்த ஒருத்தி மட்டும் ஏன் வளர்ப்பதில்லை? சோம்பேறி என்றார்கள் சிலர். ராணி செத்தால் அந்த இடத்துக்கு வரக் காத்திருக்கிறாள் என்றார்கள் சிலர். அவளுக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. இவள் காத்திருக்கவில்லை, கிளம்புவதற்குத் தயாராகிறாள். தின்று, உடம்பில் தெம்பு சேர்த்து, ஒரு நாள் தனியாகப் போய்ச் சொந்தக் கூடு கட்டுவாள். ஆனால் இதை நிரூபிக்க வேண்டுமே. புள்ளி வைத்த குளவி பறந்துபோனால் போனதுதான். ஊரில் எந்தக் கூரைக்கடியில் போய்த் தேடுவது? இரண்டு பருவங்கள் அப்படியே கை நழுவிவிட்டன. இது கடைசிப் பருவம். இதையும் விட்டால் உதவித்தொகை முடிந்துவிடும், புதுக் கூடு, புதுப் புள்ளி, எல்லாம் முதலிலிருந்து.

போனை எடுத்தாள்.

அம்மா பேசியதில் மூச்சு விட்ட இடங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் செய்தி ஒன்றுதான். அத்தான் குழந்தைகளைக் குளிப்பாட்டிவிட்டார். இரண்டையும் ஒரே நேரத்தில்.

விதி அவள் போட்டதுதான்: ஒரு நேரத்தில் ஒரு குழந்தை.

*

அக்காவுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். மருத்துவமனையிலேயே எல்லாரும் குழம்பிப்போகும் அளவுக்கு இரண்டும் அச்சில் வார்த்தாற்போல ஒரே முகம். சில நிமிஷம் முந்தியவள் பெரிசு, பிந்தியவள் சிறிசு. சிறிசு பிறந்தபோது எடை குறைவு என்பதால் அவளுக்கு மட்டும் தினமும் சொட்டு மருந்து. பெரிசுக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு மாதத்தில் எடையும் சமமாகிவிட்டது, மருந்து மட்டும் நிற்கவில்லை.

அப்போது குளவிகள் கூடு கட்டாத மாதங்கள். இரண்டு வாரம் தங்கலாம் என்று போயிருந்தாள். போன இரண்டாம் நாளே, குடும்பம் குழந்தைகளின் காலடியில் நின்று வாதாடுவதைப் பார்க்கச் சகிக்காமல், நாடகக்காரர்கள் முகத்தில் பூசுகிற சாயம் இரண்டு புட்டி வாங்கி வந்து, பெரிசின் குதிகாலில் நீலப் புள்ளியும் சிறிசின் குதிகாலில் மஞ்சள் புள்ளியும் வைத்தாள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் இப்படித் தோன்றும். ஆய்வகத்தில் தண்ணீர் பாட்டிலிலிருந்து செருப்பு வரைக்கும் அவர்கள் எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்துவிடுவார்கள். அம்மா முதலில், குழந்தையா கோழியா என்று கேட்டாள். மறுநாள் காலை, "மஞ்சளைக் கொண்டா, மருந்து ஊத்தணும்" என்று அவளே கூப்பிட்டாள். ஒரு குழந்தையைக் குளிப்பாட்டி, துடைத்து, புள்ளியைப் புதுப்பித்த பிறகே அடுத்த குழந்தையைத் தண்ணீரில் விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினாள்.

அத்தான் கணக்குத் தணிக்கையாளர். ஊரிலுள்ள கம்பெனிகளின் கணக்குகளில் ஓட்டை கண்டுபிடிப்பவர். குழந்தைகளின் சான்றிதழுக்குப் போட்டோ எடுக்க வேண்டும், புள்ளி தெரிந்தால் அதிகாரிகள் என்ன நினைப்பார்கள் என்று, எண்ணெயும் சோப்பும் போட்டு நாலு குதிகால்களையும் பளபளவென்று தேய்த்துவிட்டார். இரண்டு குழந்தைகளையும் ஒரே துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா எது பெரிசு என்று கேட்டாளாம். அத்தான் வாயைத் திறந்தாராம். மூடினாராம்.

"அவரு மருந்தை ஆளுக்குப் பாதியா ஊத்திடலாங்கறாரு" என்றாள் அம்மா. "உங்கக்கா ஒரே அழுகை. அவளுக்கும் தெரியலையாம். பெத்தவளுக்கே தெரியலைன்னா நான் எங்க போவேன்? நீ வா. நீதான் கொசுவுக்கும் குளவிக்கும் முகம் பார்க்கறவ."

பின்னணியில் அக்காவின் அழுகை கேட்டது. அக்கா போனை வாங்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

*

ஆய்வகத்தில் எல்லாருக்கும் அவரவர் பிராணியின் பெயர். அவள் குளவி. தவளைக்காரி ஒருத்தி, சிலந்திக்காரன் ஒருவன். அவர்களுடைய பேராசிரியை மட்டும் ராணி. முகத்துக்கு நேரே மேடம். இந்தக் குளவிகளில் ராணி சண்டை போடுவதில்லை, அதட்டுவதில்லை, இடத்தைவிட்டு அசைவதும் இல்லை. அவள் இருக்கிறாள் என்பதற்காகவே மற்றவர்கள் வேலை செய்வார்கள். மேடமும் அப்படித்தான். அந்த அறையின் நாற்காலியைவிட்டு அவர் எழுந்து பார்த்தவர்கள் துறையில் குறைவு. லீவு கேட்டபோது மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "உன் இஷ்டம்மா" என்றார். அந்த இரண்டு சொல்லுக்குக் கீழே எத்தனை அர்த்தம் இருக்கும் என்பது ஆய்வு மாணவர்களுக்குத்தான் தெரியும்.

கூட்டைப் பார்த்துக்கொள்ளச் சிலந்திக்காரன் சம்மதித்தான். அவனுக்குக் குளவி என்றால் பயம். எட்டுக் காலுக்கு அஞ்சாதவன் ஆறு காலுக்கு ஏன் அஞ்சுகிறாய் என்றாள். "எட்டுக் கால் மரியாதை தெரிஞ்சது. வலையோட நின்னுக்கும்" என்றான். கூட்டிலிருந்து பத்தடி தள்ளி, பைனாகுலரோடு உட்காருவதாக ஒப்பந்தம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க அவள் தன்னைத்தானே விசாரித்துக்கொண்டு போனாள். ஏன் போகிறேன்? மருந்து இரண்டு நாள் தவறினால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். போகாவிட்டால் அம்மா கோபிப்பாள், அது பழகியது. அப்படியானால்? கூப்பிட்டதும் ஓடுகிறவள் என்று வீட்டில் இருக்கும் பெயரை இழக்க மனமில்லையா? 'நீதான் முகம் பார்க்கறவ' என்றதும் ஒரு நிமிஷம் மனம் குளிர்ந்ததே, அதுவா? அப்படித்தான் என்று தோன்றியது. சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்ததால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

*

வீட்டில் அவளை நிபுணரை வரவேற்பது மாதிரி வரவேற்றார்கள். அத்தான் பையை வாங்கிக்கொண்டார். குழந்தைகள் அக்காவின் அறையில், தொட்டிலில் பக்கத்தில் பக்கத்தில், புள்ளியற்ற நாலு பாதங்களைக் காற்றில் உதைத்துக்கொண்டு கிடந்தன. அவள் குனிந்து பார்த்தாள். இரண்டும் அவளைப் பார்த்து ஒரே மாதிரி கொட்டாவி விட்டன.

"எதுடி?" என்றாள் அம்மா.

உடனே சொல்ல முடியாது, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது, எல்லாரும் எப்போதும்போல இருங்கள் என்று சொல்லிவிட்டு மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

எப்போதும்போல இருப்பது என்பது அந்த வீட்டுக்கு முடியாத காரியமாக இருந்தது. அம்மா அறைக்குள் வரும்போதெல்லாம் மேடையேறியவள்போல, "என் கண்ணுங்களா" என்று ஆரம்பித்தாள். அப்பா தலை வாரிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அத்தான் தன் குற்றம் ஆராயப்படும் இடத்தில் நிற்பவராகக் குரலைத் தாழ்த்தி, கதவோரம் நின்று, ஏதாவது ஆவணம் வேண்டுமா என்று கேட்டார். குளவிகள் எவ்வளவோ மேல்.

அக்கா மட்டும்தான் இயல்பாக இருந்தாள். நடிக்கிற தெம்பு அவளிடம் இல்லை. தலைமுடியை ரப்பர் பேண்டில் சுருட்டிக்கொண்டு, ஒரு பக்கம் தோளில் பால் கறையோடு, வந்தாள், போனாள், படுத்தாள், எழுந்தாள். அலுவலகத்தில் முப்பது பேரை மேய்த்தவள். அடுத்த மாதம் வேலையில் திரும்பச் சேர வேண்டும். தங்கையைப் பார்த்து, "வந்துட்டியா" என்று ஒன்று சொன்னாள். கண் வீங்கியிருந்தது.

குழந்தைகளில் முன்பு அவள் கவனித்து வைத்த ஒரு வித்தியாசம் இருந்தது. சத்தம் கேட்டால் பெரிசு திரும்பிப் பார்த்துவிட்டு அழுவாள். சிறிசு அழுதுவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். கைதட்டினாள். இரண்டும் திரும்பவும் இல்லை, அழவும் இல்லை. இரண்டும் விரல் சூப்பின. இடையில் கழிந்த மாதங்களில் குழந்தைகள் வேறு ஆட்களாகிவிட்டிருந்தன. எந்தக் குழந்தை எந்தக் காலை முதலில் உதைக்கிறது, எது எந்தப் பக்கம் தலை சாய்க்கிறது என்று மதியம்வரை பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை. கூட்டில் அவளுக்குப் பிடிபடாத குளவி கிடையாது. இங்கே கூடப்பிறந்தவள் பெற்ற இரண்டே இரண்டு பிராணிகள். அதுவும் ஓடாத, பறக்காத, கொட்டாத பிராணிகள். நாலு வருஷப் படிப்பு குப்பையில் போக என்று மனசுக்குள் சபித்துக்கொண்டாள்.

அப்போது சிலந்திக்காரனிடமிருந்து செய்தி வந்தது. சும்மாவைக் காணோம். காலையிலிருந்து கூட்டில் இல்லை. "செத்துட்டான்னு நினைக்கிறேன். சாரி குளவி."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி எடுத்துச் செய்தியை இன்னொரு தரம் படித்தாள். ஒரு குளவிக்காக, அதுவும் ஒரு வேலையும் செய்யாத குளவிக்காக. செத்தாளோ, கிளம்பினாளோ, இனித் தெரியப்போவதில்லை. பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவள் இங்கே நாலு குதிகால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் வீடு அடங்கியது. அறையில் திரைச்சீலை இழுத்துவிட்டிருந்ததால் மங்கலான வெளிச்சம். அக்கா கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்தாள். ஸ்டூலில் ஆள் இருப்பதை மறந்தே போயிருப்பாள். அசையாமல் உட்கார்வது தங்கையின் தொழில்.

ஒரு குழந்தை சிணுங்கியது. அக்கா கண்ணைத் திறக்காமல் கையை நீட்டி, அதைத் தூக்கி, இடது தோளில் போட்டுத் தட்டினாள். உடனே அடங்கியது. சற்று நேரத்தில் மற்றது. அதை எடுத்து வலது தோளில் போட்டாள். அதுவும் அடங்கியது. சரி, இடது கை ஓய்ந்திருக்கும் என்று அவள் நினைத்தாள். இரண்டையும் கட்டிலில் கிடத்திய பிறகு மறுபடி முதல் குழந்தை அழுதபோது அது வலது கைப்பக்கம் கிடந்தது. அக்கா தூக்கத்திலேயே அதை வலது தோள்வரை கொண்டுபோய், மார்பைத் தாண்டிச் சிரமப்பட்டு இடது தோளுக்கு மாற்றினாள்.

ஸ்டூலில் அவள் முதுகு நிமிர்ந்தது. விலங்கு என்ன நினைக்கிறது என்று கேட்காதே, என்ன செய்கிறது என்று பார். இதுதான் அவர்களுக்கு முதல் வருஷம் முதல் வகுப்பில் சொல்லித் தந்தது. அவள் காலையிலிருந்து தப்பான விலங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அக்கா எழுந்தாள். எழுந்தவள் முதுகைக் காட்டி அலமாரிப் பக்கம் நின்று, மருந்துப் புட்டியை எடுத்து, இடது தோள் குழந்தையின் வாயில் சொட்டுகளை விட்டாள். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. உதட்டோரம் வழிந்ததை விரலால் துடைத்து, "சிறிசு, துப்பாதடி" என்று காதோடு சொன்னாள்.

திரும்பினாள். தங்கையைப் பார்த்தாள்.

தங்கை ஜன்னல் திரையின் பூக்களை ஆராய்பவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா மருந்துப் புட்டியின் மூடியைத் திருகினாள். ஏற்கெனவே மூடியிருந்ததைத் திரும்பவும் திருகினாள்.

முதலில் கோபம்தான் வந்தது. என் பருவம், என் கூடு, என் சும்மா. பிறகு, அந்த இரண்டு வாரம் நினைவுக்கு வந்தது. ஆளுக்கொரு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இந்தக் கட்டிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, எதற்கென்றே தெரியாமல் சிரித்த மத்தியானங்கள். இந்த வீட்டில் அக்காவுக்கு யோசனை சொல்ல ஆள் உண்டு. அம்மா சொல்வாள், அத்தான் கணக்கோடு சொல்வார். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. தெரியாது என்று சொன்னால் அப்படி ஒருத்தி பஸ் ஏறி வருவாள் என்றால் யார்தான் தெரியும் என்று சொல்வார்கள்? அக்கா வா என்று கேட்கவே இல்லை. அழுதாள், அவ்வளவுதான். ராணி கேட்பதில்லை. அவள் இருக்கிற இருப்பிலேயே மற்றவர்கள் பறப்பார்கள்.

கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனால் கூர் மழுங்கிவிட்டது.

*

சாயங்காலம் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். அவள், அக்காவின் இடது தோளில் கிடந்ததைக் காட்டி, "இதுதான் சிறிசு" என்றாள்.

"எப்படிடி கண்டுபிடிச்சே?"

"பார்த்தேன்" என்றாள். அது பொய்யில்லை. அக்காவின் கண் ஒரு தரம் மேலே வந்து கீழே போனது.

அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. படிக்க வைத்தது வீண்போகவில்லை என்று முதல்முறையாகச் சொன்னாள். அதே மூச்சில் விஷயத்துக்கு வந்தாள். அக்கா வேலைக்குப் போகப்போகிறாள். வேற்று ஆளை வைத்தால் இதுகளை அடையாளம் காணாது. அதனால் நீ ஒரு வருஷம் இங்கேயே இருந்துவிடு. குளவி இந்த ஊரிலும் இருக்கிறது, கழிவறை ஜன்னலிலேயே ஒன்று கட்டியிருக்கிறது. பட்டம் எங்கே ஓடிப்போகப்போகிறது?

"நீயே சொன்னியேடி" என்றாள் அம்மா. "அக்கா பிள்ளையை வளர்த்தா அதுவும் தன் பிள்ளை மாதிரிதான்னு. இதே மேஜைல உட்கார்ந்து சொன்னே."

சொல்லியிருந்தாள். பல்கலைக்கழகத்தில் ஒரு போட்டி: உன் ஆய்வை ஒன்றும் தெரியாதவருக்குப் புரியும்படி சொல். அக்கா கர்ப்பமாக இருந்த சமயம் அதற்கு வீட்டில் ஒத்திகை பார்த்தாள். 'என் அக்காவுக்கு ஒரு குழந்தை பிறக்கிறதென்று வையுங்கள். அதில் கால் பங்கு நான்.' அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை; அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள், அத்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். போட்டியிலும் தோற்றுப்போனாள். தவளைக்காரி மேடையில் தவளை மாதிரி கத்திப் பரிசை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வாயால் கெட்டது தவளை இல்லை, குளவிதான் என்று இப்போதுதான் தெரிந்தது.

அத்தான் செருமினார். தன் துறைக்கு விஷயம் வந்துவிட்ட தெம்பு அவர் முகத்தில். "அதைத்தான் நானும் போட்டுப் பார்த்தேன். சொந்தப் பிள்ளைன்னா உனக்குப் பாதிப் பங்கு. அக்கா பிள்ளைன்னா கால். ஆனா இங்க ரெண்டு பேர். கால் ப்ளஸ் கால் அரை. ரெண்டும் சமம். உனக்கு ஒரு பைசா நஷ்டமில்லம்மா."

கணக்கில் பிழை இல்லை. இதே கணக்கைத்தான் அவள் முதல் வருஷ மாணவர்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவாள்.

அப்பா செய்தித்தாளை இறக்காமலே சொன்னார்: "அப்படிப் பார்த்தா மாப்ளே, உங்களுக்கு ரெண்டு அரை. முழுசா ஒண்ணு ஆச்சே. நீங்கதான் லீவு போடணும்."

அத்தான் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது தெரிந்தது. தப்பென்று சொல்ல முடியாத விடை வந்திருக்க வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அம்மா அப்பாவிடம். "எனக்கும் கால்தான். நான் உழைக்கலையா? கணக்குப் பார்த்தா குடும்பம் நடக்குது?" பிறகு சின்னவளிடம் திரும்பி, குரல் தணிந்து, "என்னடி, இருப்பேதானே?"

அக்கா வலது தோள் குழந்தையின் தலையை முகர்ந்துகொண்டிருந்தாள்.

"பார்க்கலாம்மா" என்றாள் அவள்.

அந்த வீட்டில் அவள் வாயிலிருந்து வரும் 'பார்க்கலாம்' எப்போதும் சம்மதமாகவே எடுத்துக்கொள்ளப்படும். அவளே பழக்கிவைத்தது. அம்மா உடனே எழுந்து, அலமாரியில் அவள் துணிக்கு ஒரு தட்டைக் காலி செய்யப் போய்விட்டாள்.

அலமாரிக் கதவு கிறீச்சிட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சிலந்திக்காரன். குரலில் மூச்சிரைப்பும் சிரிப்பும்.

"ஏய் குளவி, உன் சும்மா சாகல. மேடம் ரூம்ல இருக்கா."

"என்னது?"

"ஜன்னல் மேல, திரை மாட்டற கம்பில. காம்பு வெச்சு, மூணு அறை கட்டிட்டா. தனியா. வெள்ளை-வெள்ளை, நான் பைனாகுலர்ல பார்த்தேன். பத்தடி தள்ளி நின்னுதான். மேடம் கலைக்க வேண்டாம்னு ரூமைப் பூட்டிட்டு வெளிய மேஜை போட்டு உட்கார்ந்துட்டாங்க. போறவங்க வர்றவங்க முகமெல்லாம் இப்பத்தான் பார்க்கறாங்க. பார்க்கறவங்களுக்கெல்லாம் ஒரு வேலை குடுக்கறாங்க. துறையே அலறுது. சீக்கிரம் வந்து தொலை."

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். நாலு மாதம் எல்லாரிடமும் கடி வாங்கிக்கொண்டு, ஒரு சொல் பதில் சொல்லாமல், தின்று தெம்பு சேர்த்துக்கொண்டிருந்தவள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பழைய கூட்டை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அங்கே ஒன்றும் நின்றுபோய்விடவும் இல்லை; சிவப்பு-நீலம் இன்றும் புழு கொண்டுவந்திருப்பாள்.

குளவியைப் பார்த்து மனுஷி பாடம் படிக்கக் கூடாது, அது அறிவியல் இல்லை என்று மேடம் அடிக்கடி சொல்வார். சரிதான். ஆனால் அக்கா பிள்ளைக் கணக்கை இந்த வீடு படித்துவிட்டதே. அப்படியானால் மீதிப் பாடத்தையும் யாராவது படிக்கத்தானே வேண்டும்.

*

காலையில் குளித்துவிட்டுப் பையோடு கூடத்துக்கு வந்தாள். குழந்தைகள் இரண்டும் குளித்து, பவுடர் வாசனையோடு, கூடத்துப் பாயில் கிடந்தன. ஒன்றன்பின் ஒன்றாகக் குளிப்பாட்டினாளாம் அக்கா. குதிகால்கள் வெறுமையாக இருந்தன.

அம்மா பையைப் பார்த்தாள். "என்ன இது?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா."

"நேத்து இருக்கேன்னியே?"

"பார்க்கலாம்னு சொன்னேன்."

அம்மாவுக்கு இந்த இலக்கணம் புதிது. அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டைப் பித்தான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நேற்றைய கூட்டலிலிருந்து அவர் அதிகம் பேசவில்லை.

"அப்ப இதுங்களை யாரு அடையாளம் பார்க்கறது?" அம்மாவின் குரல் உடைந்தது. இப்போது அதில் அதிகாரமில்லை. உண்மையான பயம் இருந்தது. "அவ ஆபீஸ் போயிடுவா, இவருக்கு ஒண்ணும் தெரியாது, எனக்குக் கண்ணு சரியில்ல. மருந்தை மாத்தி ஊத்தினா? சொல்லுடி."

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம் போதும். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது. அந்த வாக்கியத்துக்காகக் காத்திருக்கும் முகம்.

அவள் சொல்லவில்லை. அது அவள் கண்டுபிடிப்பு. ஆனால் வெளியிடுகிற உரிமை அவளுடையதில்லை.

குனிந்து செருப்பை மாட்டினாள். அக்கா எழுந்து போய், அலமாரியிலிருந்து இரண்டு சாயப் புட்டிகளையும் எடுத்து வந்தாள். அவள் எதிரில் நின்று நீட்டினாள்.

"போ. போக வேண்டாங்கல" என்றாள் மெதுவாக. "போறதுக்கு முன்னாடி புள்ளியை மட்டும் நீ வெச்சிட்டுப் போ. நீ வெச்சாத்தான் எனக்குத் தைரியம்."

நீலமும் மஞ்சளும். ஒரு நொடி வேலை. வைத்துவிட்டால் அம்மா அமைதியாவாள், அக்கா சிரிப்பாள், எல்லாம் பழையபடி ஆகும். அடுத்த முறை யாராவது தேய்த்துக் கழுவும்வரைக்கும்.

பாயில் ஒரு குழந்தை சிணுங்கியது. அக்கா பேசிக்கொண்டே குனிந்து அதைத் தூக்கி, தன்னையறியாமல் இடது தோளில் போட்டுக்கொண்டாள்.

அவள் புட்டிகளை வாங்கவில்லை. அக்காவின் விரல்களை அவற்றின் மேல் மூடினாள். கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வைக்கலக்கா" என்றாள்.